பைக்குள் கட்டிய பென்ஸ்

எங்கள் சந்தில் ஏதோ ஒரு வீட்டு ஷட்டரை உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்களாம். பூன்மா அக்கா சொன்னாள். அவள் தன் காதால் கேட்டதில்லை. அவளிடம் நூடுல்ஸ் சாப்பிட வந்த ஒருவனிடம் அவன் மச்சான் சொன்னானாம். அந்த மச்சான் படகு ஓட்டுகிறவன்.

மேம்பாலம் தரையைத் தொடும் இடத்தில்தான் பூன்மா அக்கா தள்ளுவண்டியை நிறுத்தியிருந்தாள். பாலத்தின் மேலே, பாங் யாய் வட்டாரம் முழுவதிலுமிருந்து கொண்டுவந்து போட்ட கார்கள் மூன்று வரிசையாக நின்றன. கீழே சாலை இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர். பாலத்தின் சரிவில் படகுகள் வந்து மூக்கை இடித்து நிற்கும். வெள்ளம் வந்ததிலிருந்து முதலையைப் பார்த்தவர்கள், பாம்பைப் பார்த்தவர்கள், மின்கம்பத்தைத் தொட்டு விறைத்தவனைப் பார்த்தவர்கள் எல்லாரும் அங்கேதான் கதை சொல்வார்கள். நான் பாதியைத்தான் காதில் வாங்குவேன்.

"ஆளில்லாத வீட்டுல யாருக்கா தட்டுவா?" என்றேன்.

"ஆளா இருந்தா வாயத் தொறந்து கூப்பிட்டிருக்காதா? இது கூப்பிடல. தட்டுது. டொக்குங்குது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு. மறுபடியும் டொக். அலையே இல்லாதப்பவும் தட்டுதாம். அந்தச் சந்துக்குள்ள இப்ப ஒரு படகும் போறதில்ல தெரியுமா?"

"எந்த வீடு?"

"பச்சை ஷட்டராம். மேல ஜன்னல் பூராவும் கம்பியாம். கோழிக்கூண்டு மாதிரி."

என் பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த கன்யா கிண்ணத்தை அப்படியே வண்டி மேல் வைத்தாள். அது அவள் அப்பா வீடு.

அவரை லுங் தவின் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். லுங் என்றால் பெரியப்பா. சந்தில் அவருக்கு முறையில்லாத ஆளே கிடையாது. எனக்கு எதிர்வீடு. கீழே முழுக்கக் கார் நிற்கும் இடம், மேலே ஒரே அறை. அந்த வரிசையில் மற்ற வீடுகளில் எல்லாம் கீழ்த்தளத்தில் தையல் கடையோ சலவைக் கடையோ நடந்தது. இவர் வீட்டில் ஒரு பென்ஸ் குடியிருந்தது. மனிதர் மாடியில் ஒண்டிக்கொண்டார்.

காரின் சொந்தக்காரர் சீனர்கள் வாழும் யாவரத் பகுதியில் நூல் மில் வைத்திருந்த சீனக் கிழவர். லுங் தவின் இளவயதிலிருந்து அவருக்கு டிரைவர். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முதலாளி பின்சீட்டிலேயே தலையைச் சாய்த்துவிட்டார். போக்குவரத்து நெரிசல். இறந்துபோனது தெரியாமல் இவர், "இதோ முதலாளி, அடுத்த சிக்னல்தான்" என்று வழிநெடுகப் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். சாவு விழுந்த காரை வீட்டு வாசலில் நிறுத்தப் பிள்ளைகளுக்கு மனமில்லை. நீயே எடுத்துக்கொண்டு போ என்று சாவியைக் கையில் திணித்துவிட்டார்கள்.

வேறு யாராவது என்றால் வாங்கிய வேகத்தில் விற்றிருப்பார்கள். இவர் புத்த மடத்துக்கு ஓட்டிப்போய்க் காரின் உள்கூரையில் துறவியின் கையால் வெள்ளைச் சாந்துப் புள்ளிகள் வைத்து வாங்கினார். வண்டியைக் காக்கும் அம்மனுக்குக் கண்ணாடியில் மாலை கட்டினார். ஜோசியக்காரன் ஒருவன், உன் பிறந்த கிழமைக்கு வெளிர்நிறம் ஆகாது, கறுப்புதான் ஆகும் என்றான். அதற்காகப் பெயின்ட் அடிக்க மனம் வரவில்லை. 'இந்தக் கார் கறுப்பு நிறம்' என்று ஒரு ஸ்டிக்கர் வாங்கிப் பின்கண்ணாடியில் ஒட்டினார். பாலாடை நிறத்தில் பளபளக்கும் காரின் மேல் அது இன்றும் இருக்கிறது. சந்தில் எல்லார் காரிலும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும், அதனால் யாரும் சிரிக்கவில்லை.

சிரித்ததெல்லாம் மற்றவற்றுக்குத்தான். டயர் தரையில் படக்கூடாதென்று காரை மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்தார். மழைக்காலத்துக்கு ஈரம் உறிஞ்ச சீட்டுக்கடியில் கரித்துண்டுகள் நிரப்பிய கிண்ணங்கள். எலி நுழையாமல் புகைக்குழாயில் கம்பிச்சுருள். எலியைப் பிடிக்க ஒரு பூனை வளர்த்தார். அது பானெட்டில் ஏறிப் படுத்ததும் அதையும் துரத்தினார். பழைய படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து உறை போட்டார், உறையின் தையல் முடிச்சு கீறுமென்று உள்பக்கம் இன்னொரு துணி. வாரம் ஒருமுறை என்ஜினை எழுப்பி அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பார். முன்சீட்டில் மட்டும்தான் உட்காருவார். பின்சீட்டில் யாரையும் ஏற்றியதில்லை, பெற்ற மகளைக்கூட.

அவருக்கு வெளியே போக மோட்டார் சைக்கிள்தான். கன்யாவின் கல்யாணத்தன்று மழை. பெண்ணை அந்தக் காரில் அழைத்துப் போவதாகப் பேச்சு. மழையைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு, மகளை வாடகை டாக்சியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பின்னாலேயே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார்.

"கல்யாண போட்டோவுல எங்கப்பாவப் பாருங்கண்ணே, நனைஞ்ச கொக்கு மாதிரி நிப்பாரு," என்பாள் கன்யா. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

ஒருமுறை மாடி ஜன்னல் வழியாகத் திருட வந்தான் ஒருவன். படி இறங்கிக் கீழே வந்து காரின் ரேடியோவைக் கழற்றும்போது சத்தம் கேட்டு ஓடிவிட்டான். அதற்குப் பிறகுதான் ஜன்னல்களுக்கு எல்லாம் கம்பி வந்தது. கூரையில் ஏறும் ஓட்டைக்கும் கம்பி. மாடிப்படி ஒரு திருப்பம் திரும்பி மேலே போகும். அந்தத் திருப்பத்தில், தரையிலிருந்து சில படிகளுக்கு மேலே, கார் பக்கமாகத் திறக்கும் ஓர் இரும்புக்கதவு. மாடி வழியாக எவன் வந்தாலும் காரை எட்ட முடியாது. ஜன்னல் கம்பியில் ஒன்று மட்டும் அவசரத்துக்குத் திறக்கும்படி பூட்டுப் போட்டது. அந்தச் சாவியைக் கார்ச் சாவிக் கொத்திலேயே கோத்துவிட்டார்.

"தொலையாம இருக்குமில்ல," என்றார் என்னிடம்.

வெள்ளம் வரப்போகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னபோது, கார் வைத்திருந்தவர்கள் எல்லாரும் மேம்பாலத்துக்கு ஓட்டிப்போனார்கள். கன்யா தொன்புரியிலிருந்து அப்பாவைக் கூட்டிப்போக வந்திருந்தாள்.

"காரப் பாலத்துல விடுங்கப்பா. நான் கூட வரேன்."

"வெயில்லயா? புழுதியிலயா? கண்டவன் சாஞ்சு நின்னு சிகரெட் பிடிப்பான். அம்மன் ஒத்துக்க மாட்டா."

"அம்மன் ஒத்துக்க மாட்டாளா, நீங்க ஒத்துக்க மாட்டீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

எல்லார் வீட்டிலும் செய்ததுபோல இவரும் ஷட்டருக்கு முன்னால் சிமென்ட் கல் அடுக்கி இடுப்பளவு சுவர் எழுப்பிப் பூசினார். பிறகு கார் பை வாங்கி வந்தார். அந்த வருடம் அது எல்லாக் கடையிலும் தொங்கியது. ஒரு காரை அப்படியே முழுங்கும் பிளாஸ்டிக் பை. தரையில் விரித்து, காரை அதன் மேல் ஏற்றி, ஓரங்களைத் தூக்கி, மேலே வாயைக் கட்டவேண்டும். இவர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பை போட்டார். காரைத் தள்ளி ஏற்ற நானும்தான் கை கொடுத்தேன். பை விற்ற பெண் கூடவே வந்து நின்று சொன்னாள்.

"லுங், காத்த வெளிய தள்ளிட்டுக் கட்டுங்க. அப்புறம் நாலு மூலையும் தூண்ல இழுத்துக் கட்டணும். இல்லன்னா தூக்கிரும்."

"காத்த எடுத்தா பிளாஸ்டிக் பெயின்ட்ல ஒட்டும். ஒட்டினா வேர்க்கும். வேர்த்தா கொப்புளம். கயிறு போட்டா பெயின்ட்ல வரி விழும். நீ போம்மா."

பை உப்பி நிற்கும்படி காற்றை விட்டே, வாயை முறுக்கி மடித்து, டேப் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கினார். பேட்டரியைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனார். சாவிக்கொத்து வழக்கம்போல் காரிலேயே இருந்தது. பைக்குள் அந்தக் கார் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எதற்கும் நான் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிற ஆள், அதனால் வாயைத் திறக்கவில்லை.

தண்ணீர் சுவரைத் தாண்டி வரவில்லை. கழிவறை வழியாகவும் தரையிலிருந்த சாக்கடை ஓட்டை வழியாகவும் வந்தது. உள்ளே வந்ததை வெளியே விடாமல் அந்தச் சுவரே பிடித்து வைத்தது. பிறகு வெளித்தண்ணீரும் சுவரை மூழ்கடித்தது. ராணுவ லாரி வந்தபோது சந்தில் மிச்சமிருந்தவர்கள் ஏறினோம். லுங் தவின் மாடி ஜன்னலில் நின்று கையாட்டினார். அவரைப்போல மாடியில் தங்கிவிட்டவர்கள் அநேகம் பேர் உண்டு. படகில் சோற்றுப் பொட்டலம் வரும். கம்பி வழியாகக் கயிற்றில் கூடை இறக்கி வாங்கிக்கொள்ளலாம்.

நானும் கன்யாவும் பாலத்துக்குப் பக்கத்தில் மேட்டிலிருந்த மடத்து மண்டபத்தில் தங்கினோம். அவள் கணவர் குழந்தையோடு தொன்புரியில். அப்பா இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று இவள் இங்கே. தினமும் காலையில் லுங் தவின் தன் போனை உயிர்ப்பிப்பார். கரண்ட் இல்லாவிட்டாலும் கார் பேட்டரியிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வித்தை அவரிடம் இருந்தது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

"உங்க போனெல்லாம் செத்துப்போகும். என்னுது சாகாது. பென்ஸ் பேட்டரி," என்பார்.

ஒருநாள் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கன்யா, உங்க அக்கா எழுந்து நின்னுட்டா."

கார் மிதக்கத் தொடங்கியிருந்தது. தரையை விட்டு எழும்பி, படகுகள் போகும்போது வரும் அலையில் மெல்ல ஆடுகிறது என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தேன், ஸ்டிக்கர்கூட நனையவில்லை என்றார். அப்படி ஒரு சந்தோஷம் அந்தக் குரலில்.

அடுத்த நாள் சிரிக்கவில்லை. கார் குறுக்காகத் திரும்பிவிட்டது. மூக்கு ஷட்டர் பக்கம், பின்பகுதி படித் திருப்பத்தில். இரும்புக்கதவு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது.

கன்யா போனை ஸ்பீக்கரில் போட்டாள். மண்டபத்தில் சுற்றியிருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள்.

"அப்பா, ஜன்னல் கம்பிச் சாவி எங்க?"

"கொத்துல."

"கொத்து எங்க?"

அவர் தொண்டையைச் செருமினார்.

"கார்லயா? பைக்குள்ளயா? ஐயோ அப்பா!"

"கத்தாத. எனக்கு இங்க என்ன கொற? தண்ணி இருக்கு, சோறு வருது."

"நான் சொல்றதக் கேளுங்க. அந்த இடுக்குல கத்தி போகுமில்ல? கத்திய ஒரு குச்சியில கட்டி, பையக் கிழிச்சு விடுங்க. தண்ணி உள்ள போனா கார் தரையில உக்காந்துரும். கதவு அதுக்கு மேல தொறக்கும். எறங்கி ஷட்டர்ல இருக்கிற சின்னக் கதவு வழியா வெளிய வாங்க. படகோட நான் நிக்கறேன்."

"கிழிச்சா..."

"கிழிச்சா கார் போகும். போகட்டும்பா!"

"இத்தன வருஷம் ஒரு சொட்டு படவிட்டதில்ல," என்றார். அது மகளிடம் சொன்னதுபோல் இல்லை. "பார்க்கலாம். தண்ணி வடிஞ்சாலும் வடியும்."

"அப்பா, என் கல்யாணத்தன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க. மழ விட்டாலும் விடும்னு."

லைன் துண்டானது. உதவி எண்ணில் பதிந்தோம். வரிசையில் இருக்கிறீர்கள் என்றார்கள். மறுநாள் காலையில் அவர் போன் எடுக்கவில்லை. சார்ஜை மிச்சம் பிடிக்கிறார் என்று கன்யா சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் பூன்மா அக்கா இந்தக் கதையைச் சொன்னாள்.

கன்யா சரிவில் இறங்கிப் படகுகள் நின்ற இடத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வெயில் சாய்ந்து தண்ணீர் மேல் எண்ணெய்போல் மின்னியது. படகு படகாகக் கேட்டுக் கேட்டு அந்த மச்சானைக் கண்டுபிடித்தோம். சாம்ரட் என்று பெயர். கழுத்து நிறையத் தாயத்து. நீண்ட தண்டு வைத்த என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அந்தப் பச்சை ஷட்டர் வீட்டுக்குப் போகணும். அது எங்கப்பா வீடு. உள்ள எங்கப்பா இருக்காரு."

அவன் துணியைக் கீழே வைத்தான்.

"தங்கச்சி, அந்த வீட்டுக் கார்ல ஒரு சீனத்தாத்தா செத்தாராமே? பின்சீட்டுல?"

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. அவரு எறங்க முடியாம தட்டுறாருன்னு."

"அது பேயில்ல அண்ணே. கார் மிதக்குது. மூக்கு ஷட்டர்ல இடிக்குது. அவ்வளவுதான்."

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணிச்சு. அலையில இடிக்குதுன்னு என்ஜின நிறுத்திட்டு நின்னு பார்த்தேன். தண்ணி கண்ணாடி மாதிரி நின்னுச்சு. ஒரு இலைகூட நகரல. அப்பவும் தட்டிச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "மேல பார்த்துக் கூப்பிட்டேன். ஜன்னல்ல கூடை தொங்குது. போன தடவ நான் வச்ச பொட்டலம் அதுல அப்படியே இருக்கு. யாரும் தூக்கல."

கன்யா என்னைப் பார்த்தாள். அவள் மனதில் ஓடியதுதான் என் மனதிலும் ஓடியிருக்கும். பையைக் கிழிக்கவில்லை என்றால் தட்டுவது கார். அப்படியென்றால் அவர் இன்னும் மாடியில் அடைபட்டு இருக்கிறார், கூடையைத் தூக்கத் தெம்பில்லாமல். கிழித்துவிட்டார் என்றால் கார் தரையில் கிடக்கிறது. தட்டுவது அவர், கழுத்தளவு இருட்டுத் தண்ணீரில், சின்னக் கதவும் திறக்காமல், ஷட்டருக்கு உள்பக்கம் நின்று. இதில் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

"எதுவா இருந்தாலும் போகணும் அண்ணே," என்றாள் அவள். "கம்பி அறுக்கிற கட்டர் மடத்துல இருக்கு. இவரு எடுத்துட்டு வருவாரு. நீங்க எங்கள எறக்கி மட்டும் விடுங்க. பெட்ரோலுக்கு எவ்வளவு வேணாலும்..."

"காசு வேணாம் தங்கச்சி. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு. செத்தவங்க கூப்பிடற எடத்துக்கு நான் போக மாட்டேன்."

"உயிரோட இருக்காரு அண்ணே!"

சாம்ரட் தாயத்தை விரலில் உருட்டினான். பக்கத்துப் படகுக்காரர்கள் எங்களைப் பார்க்காததுபோல் கயிறுகளைச் சரிசெய்தார்கள். அவர்களில் ஒருவனும் வரமாட்டான் என்று அந்த முதுகுகளைப் பார்த்தாலே தெரிந்தது. மற்றொன்றும் தெரிந்தது: இவன் கெட்டவன் இல்லை. சோறு போட்டுவிட்டு வந்தவன் இவன்தான்.

"போன் இருக்கா அவர்கிட்ட?" என்றான் கடைசியில்.

"இருக்கு."

"பண்ணு. இங்கயே, என் முன்னாடி பண்ணு. மனுஷக் குரல் ஒண்ணு கேட்டாப் போதும். என்ன திட்டினாலும் சரி. இந்த நிமிஷமே கெளம்பறேன்."

நான் ஓடிப்போய்க் கட்டரை எடுத்துவந்தேன். எப்படி ஏறி எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. திரும்பி வரும்போது சாம்ரட் படகின் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். மற்றொரு கை என்ஜின் மேல். கட்டரைப் படகுக்குள் வைத்தேன். அவன் தடுக்கவில்லை.

கன்யா எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். போன் அணைந்திருக்கும், இயந்திரக் குரல் பேசும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். இல்லை. ரிங் போனது. அந்த பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தது.

"எடுங்கப்பா," என்றாள்.

பக்கத்துப் படகுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூன்மா அக்கா கரண்டியோடு சரிவுக்கு வந்து நின்றாள். அடித்து ஓய்ந்தது. கன்யா மறுபடியும் அழுத்தினாள்.

"கார் போகட்டும்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கல்யாணத்தப் பத்திகூடச் சொல்ல மாட்டேன். எடுங்க."

சாம்ரட் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை அவன் இன்னும் விடவில்லை, மறுபடி கட்டவும் இல்லை. ரிங் போய்க்கொண்டே இருந்தது.